கதவைச் சாத்திச் சமைத்த நத்தைச் சாறு

தம்பி,

பதினோரு நாளாக உன்னிடமிருந்து எனக்கு வருவது ஒரே ஒரு சொல். காலை எட்டு மணிக்கு "மாத்திரை?" என்று கேட்கிறாய். நான் "ஆச்சு" என்று பதில் போடுகிறேன். கோபத்திலும் அதை நீ விடவில்லை என்பது எனக்குப் பெருமைதான். ஆனால் நமக்குள் இருப்பது இரண்டு சொல்லில் தீருகிற விஷயம் இல்லை. போனில் பேசினால் பாதியிலேயே "வுடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். அதனால் கோடு போட்ட தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். வேறு யார் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை. எழுபத்திரண்டு வயதுவரை மூடி வைத்ததைத்தான் எழுதப் போகிறேன். இனி மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நித்யாவின் அப்பா உன்னிடம் நேராகப் பேசப் போகிறார். இந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது அந்தப் பேச்சில் இருக்கிறது. அதற்கு முன்னால் நீ இதை முழுதாகப் படித்துவிட வேண்டும். வேலை இடைவேளையில் பாதி, பஸ்ஸில் பாதி என்று படிக்காதே.

அவர்கள் அரும்பாவூரிலிருந்து வேன் பிடித்து நம் அரியலூர் வீட்டைப் பார்க்க வந்த அன்று, ஜப்பானில் இருக்கிற உன்னை வீடியோவில் கூப்பிட்டு போனை டி.வி. மேசையில் சாய்த்து வைத்திருந்தேன். எல்லோரும் உன்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள், நீயும் கும்பிட்டாய். நித்யாவின் பெரியம்மா காபியை வாங்கிக்கொண்டே ஆரம்பித்தார். "மாப்ள அங்க சாப்பாட்டுக்கு என்னங்க பண்றாரு? அந்த ஊர்ல பச்ச மீனு, பாசி, புழுவுன்னு எதையும் வுடுறதில்லயாமே?" அதைக் கேட்டதும் என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "ஐயோ, எங்க வீட்டுப் பிள்ளை அதையெல்லாம் தொடவே மாட்டாங்க. சாம்பார், ரசம், தயிர்சோறுதான். பொடியெல்லாம் நான் இங்கேருந்து அனுப்பிடுவேன். ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் கோழி." அந்த அம்மாள் தலையை ஆட்டி, "அப்பச் சரிங்க. நல்ல குடும்பந்தான்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போனில் உன் முகம் கீழே குனிந்தது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்புதான் மதியச் சாப்பாட்டை எனக்குக் காட்டியிருந்தாய்: சுட்ட மீன், சோறு, முள்ளங்கி ஊறுகாய், மிசோ என்கிற சோயா விழுதைக் கரைத்துக் கடல்பாசி மிதக்கவிட்ட சூப்.

அவர்கள் போன பிறகு நீ கேட்டாய், "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"ஊர் உலகம் அப்படித்தான் தம்பி."

"என் அடுப்படியில மிசோ டப்பா இருக்கு, கருவாட்டுச் சீவல் இருக்கு, பாசி கட்டுக்கட்டா இருக்கு. அந்தப் பொண்ணு வந்து கதவத் தொறந்தா என்ன நெனைப்பா? பொய் சொன்னது நீயா நானா?"

"கல்யாணம் ஆனப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்டா."

"என்னைச் சொல்லிக்க வெக்கமா இருந்தா, என்னைப் பத்திப் பேசாதம்மா."

போன் கட்டாகிவிட்டது. உன்னைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் என்று நீ நினைத்துவிட்டாய். அது தப்பு. வெட்கம் எங்கே ஆரம்பித்தது என்பதைச் சொல்கிறேன், கேள்.

நான் விக்கிரமங்கலத்தில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டவர்கள், களை பறித்தவர்கள், அறுத்தவர்கள். இட்லி எங்களுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கூழ். நடவுக் காலத்தில் அம்மா மடியில் நத்தை கட்டிக்கொண்டு வருவார். தண்ணீரில் போட்டு மண் கக்கவிட்டு, கொதிக்கவைத்து, முள்ளால் சதையை நோண்டி எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு நாலு தண்ணீர் அலசி, மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு ஒரு சாறு வைப்பார். அதைவிட ருசியான ஒன்றை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஆறாம் வகுப்புக்கு என்னைக் கன்னியர் மடத்துப் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் சிஸ்டர் புதுப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். எனக்கு முன்னால் நின்றவர்கள் தோசை என்றார்கள், பருப்புச் சோறு என்றார்கள். என் முறை வந்தபோது நான் "இட்லி, நெய்" என்றேன். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மா தூக்குவாளியோடு பார்க்க வந்தார். மூடியைத் திறந்ததும் மிளகு வாசம் தாழ்வாரம் முழுக்கப் பரவியது. பக்கத்தில் பிள்ளைகள் நின்றார்கள். "நான் இதெல்லாம் சாப்பிடுறதில்ல, எடுத்துட்டுப் போம்மா" என்றேன். "சரி கண்ணு" என்று மூடியை அழுத்தி மூடிக்கொண்டு போனார். அந்த முகத்தைப் பற்றி நான் எழுதமாட்டேன். நேரான தையல், சுத்தமான ஆங்கிலக் கையெழுத்து, நேரம் தவறாமை, இவையெல்லாம் அந்தப் பள்ளி எனக்குக் கொடுத்தவை. அந்தப் பொய்யை மட்டும் யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நானே கற்றுக்கொண்டேன்.

பிறகு தட்டச்சர் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. உன் அப்பா ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் டைம் கீப்பர். அரியலூரில் வாடகை வீடு, மாடியில் வீட்டுக்காரர்கள். உன் அப்பாவுக்கும் அந்தச் சாறு பிடிக்கும். வருஷத்தில் நாலைந்து முறை, ஜன்னலை அடைத்து, கதவைச் சாத்தி, அதை வைப்பேன். முடித்த கையோடு சாம்பிராணி போட்டு வாசத்தை மறைப்பேன். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறினாலும் நத்தை நாளில் சாம்பிராணி தவறாது. நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது "எனக்குப் பிடித்த உணவு" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். "எனக்குப் பிடித்தது எங்கள் அம்மா வைக்கும் நத்தைச் சாறு" என்று எவ்வளவு அழகாக ஆரம்பித்திருந்தாய்! அதில் ஓர் எழுத்துப்பிழை இல்லை. நான்தான் ரப்பரை உன் கையில் கொடுத்து, "சாம்பார் சாதம்னு மாத்து" என்றேன். நீ அழுத்தி அழித்ததில் தாள் கிழிந்துபோனது. தாளைக் கிழித்ததற்கு வேறு திட்டினேன். அன்று உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இப்போது கேட்கிறேன்.

நீ ஜப்பானுக்குப் போன முதல் குளிர்காலம் நினைவிருக்கிறதா? ரொட்டி, முட்டை, மறுபடி ரொட்டி. தினமும் அங்கே ஏழு மணி, இங்கே மூன்றரை மணிக்குக் கூப்பிட்டு, "அம்மா, நாக்கு செத்துப் போச்சு" என்பாய். பருப்புப்பொடி, வத்தல், வடகம், புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் என்று நான் பெட்டி பெட்டியாக அனுப்பினேன். நீ ஏங்கியது வேறு ஒன்றுக்கு. ஒரு நாள் மெதுவாகக் கேட்டாய், "அந்தச் சாறு எப்படிம்மா வைக்கிறது?" என்று. "அங்கே எங்கடா நத்தை கிடைக்கும், பேச்சை விடு" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், அதுதான் காரணம்.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்துக் கதவுக்காரர், பஸ் ஓட்டுகிற மொரிதா, தனியாளாக இருந்து தனக்குத்தானே சமைத்துக்கொள்கிற ஐம்பது வயது மனிதர், ஒரு மண்சட்டியில் குழைந்த அரிசிக் கஞ்சியும் அதன் நடுவில் ஒரு புளிப்பு ஊறுகாய்ப் பழமும் வைத்து உன் வாசலில் வைத்துவிட்டுப் போனார். "கஞ்சியும் ஊறுகாயுமாம்மா! நம்ம வூடு மாதிரியே!" என்று நீ காய்ச்சலிலும் சிரித்தாய். நான் என்ன சொன்னேன்? "சட்டியைக் கழுவித் துடை. வெறுஞ்சட்டியைத் திருப்பிக் கொடுத்துடாதே, எதையாவது போட்டுக் கொடு." உனக்குத் தெரிந்தது எலுமிச்சைச் சோறு ஒன்றுதான். அதைக் கிண்டிப் போட்டுக் கொடுத்தாய். அவர்கள் ஊரிலும் அதே வழக்கம் என்று நமக்கு எப்படித் தெரியும்? சட்டி மறுபடி உன் வாசலுக்கு வந்தது, இந்த முறை பூசணிக்காய் வேகவைத்தது. நீ உப்புமா. அவர் முட்டைச் சுருள். நீ சுண்டல். "அம்மா, இத எப்ப நிறுத்துறது? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீந்துபோச்சு" என்று அழாத குறையாகக் கேட்டாய். "நிறுத்தினா மரியாதை இல்லை. புதுசாக் கத்துக்கோ" என்றேன். இந்த வீட்டின் ஒரே பிள்ளை, தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடிக்காதவன், அந்தச் சட்டியை நிரப்புவதற்காகவே சமையல் கற்றுக்கொண்டாய். நான் போட்ட சட்டங்களிலேயே உருப்படியானது அதுதான் என்று இன்று நினைக்கிறேன்.

அந்தச் சட்டியில்தான் ஒரு நாள் குட்டிக் கறுப்புச் சிப்பி போட்ட மிசோ சூப் வந்தது. ஏரியில் எடுக்கிற சிப்பியாம். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, நத்தைச் சாறும்மா! மண்வாசனையோட அதே ருசி! மிளகு மட்டுந்தான் இல்ல!" என்று கத்தினாய். "மெதுவாப் பேசுடா, யாருக்காவது கேட்கப் போகுது" என்றேன். அந்த ஊரில் தமிழ் தெரிந்த யார் காதில் விழுந்திருக்கும்? என் பக்கம்தான் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

போன சித்திரையில் என்னை அங்கே கூப்பிட்டுக்கொண்டு போனாய். மூன்று வாரம் உன் அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நான் எளிதில் பாராட்டுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். எழுதிவைத்துக்கொள்: நீ நன்றாகச் சமைக்கிறாய். பாசித் துண்டைத் தண்ணீரில் ஊறவைத்துச் சூடாக்கி, கொதி வருவதற்கு முன்னால் எடுத்துவிடுகிறாய். கருவாட்டுச் சீவலை ஒரு கைப்பிடி போட்டு, அது அடங்கும்வரை பொறுமையாக நிற்கிறாய். அடுப்பை அணைத்த பிறகுதான் மிசோவைக் கரைக்கிறாய். கொதித்தால் மணம் போய்விடும் என்றாய். நுரை கூடியதும் ரசத்தை இறக்கத் தெரிந்தவளுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. அரிசியை நான் களைவதைவிட ஒரு தண்ணீர் கூடவே களைகிறாய். துணியை அலசிப் பிழிந்து காயப்போடாமல் அடுப்படியை விட்டு நீ வெளியே வந்ததில்லை. உன் அப்பா என்னோடு இருந்த முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தம்ளர் கழுவியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் மொரிதாவையும் உன்னோடு வேலைபார்க்கும் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டாய். மேசையில் அவர்கள் ஊர்ப் பண்டங்களுக்கு நடுவே அந்தக் கறுப்புச் சிப்பியை மிளகும் வெங்காயமும் தட்டிப்போட்டு நம் பக்குவத்தில் வைத்திருந்தாய். சிறுவயதில் சாத்திய கதவுக்குள் பார்த்ததை நினைவில் வைத்துச் செய்தது. பிறகு அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாய். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "என்னடா சொன்னே?" என்று கேட்டேன். "எங்க அம்மாயி நடவு வயல்ல நத்தை பொறுக்கிட்டு வருவாங்க, இது அவங்க சமையல்னு சொன்னேன்" என்றாய், உப்பு எடுத்துக் கொடு என்பது போல. எனக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அப்போது மொரிதா சொன்னதை நீ எனக்கு மாற்றிச் சொன்னாய்: "அவங்க அம்மாவும் நெல்லு வயல்லேருந்து நத்தை எடுத்து மிசோ போட்டுச் செய்வாங்களாம். ஓட்டுலேருந்து எதால எடுப்பீங்கன்னு கேக்குறாரும்மா." ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து, சிப்பிக்குள் விட்டு, மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினேன். அவர் "ஆ!" என்று தன் மணிக்கட்டையும் அதே மாதிரி சுழற்றினார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். தன் அம்மா எதைப் பொறுக்கினாள் என்று சொல்ல அவருக்குக் குரல் தாழவில்லை, உனக்கும் தாழவில்லை. அன்று உன்னைப் பார்த்து நான் அடைந்த பெருமையை நீ முதல் வகுப்பில் தேறிய நாளில்கூட அடையவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். இங்கே வந்து, ஒரு கேள்வி கேட்டதும், மறுபடி அந்த விடுதிப் பெண்ணாகிவிட்டேன்.

அதனால் போன புதன்கிழமை பெரம்பலூருக்கு பஸ் ஏறி, அங்கிருந்து அரும்பாவூர் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் பலகாரம் செய்து சடங்காக்கிவிடுவார்கள். நித்யாவின் அப்பா வெங்காய மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் துண்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன்: "அன்னிக்கு எம் பையன் சாப்பாட்டைப் பத்தி நான் சொன்னது பொய்ங்க. அவன் அந்த ஊர்ச் சாப்பாடுதான் சாப்பிடுறான். மீனு, பாசி, சிப்பி, சில நாள் பச்சை மீனும் உண்டு. அவனே சமைக்கிறான். நாங்களும் இங்க இட்லி சாம்பாரிலே வளர்ந்தவங்க இல்லை. நத்தைச் சாறு குடிச்சு வளர்ந்தவங்க."

பெரியம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயய்ய! நாங்கல்லாம் அதத் தொட்டதே இல்லீங்க!" என்றார். அவர்களும் வயலை விட்டு வந்து ஒரு தலைமுறைதான் ஆகிறது. அவ்வளவு வேகமாக எப்படி மறுப்பது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நித்யாவின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "இப்ப எதுக்குங்க இதெல்லாம்? யாரு கேட்டா?" என்றார். "நீங்க கேட்டீங்க, நான் மாத்திச் சொன்னேன். அதான் வந்தேன்" என்றேன். "யோசிச்சுச் சொல்றோங்க" என்று எழுந்துவிட்டார். வாசல்வரை யாரும் வரவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு நித்யாதான் கூட வந்தாள். லேபில் வேலைபார்க்கிற பெண், வேகமாக நடக்கிறாள்; எனக்காக நின்று நின்று நடந்தாள். பாதி வழியில் சொன்னாள், "அத்தை, எங்க வூட்லயும் ஒண்ணு சொன்னாங்க. மொத மொதல்ல நீங்க வந்தப்ப கொழுக்கட்டை நான் செஞ்சதுன்னு சொன்னாங்கல்ல? அடுத்த தெருவுல சொல்லி வாங்கினது. எனக்கு வெந்நீர் வெக்கத்தான் தெரியும்." நான் நின்றுவிட்டேன். அந்தக் கொழுக்கட்டையை நான் உன்னிடம் எவ்வளவு புகழ்ந்தேன்! "மாவு கொஞ்சம் கெட்டியாத்தான் இருந்துச்சு" என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கேட்டாள், "அவரு சமைக்கிறத எனக்கும் போடுவாரா அத்தை? பாத்திரம் நான் கழுவிருவேன். ஆனா பச்ச மீன் மட்டும் மொதல்லயே போடாதீங்கன்னு சொல்லுங்க." "அதை நீயே அவன்கிட்ட சொல்லு" என்றேன். "அப்பாவ அவருகிட்ட நேராப் பேசச் சொல்றேன்" என்றாள். சொன்னபடி செய்துவிட்டாள். நேற்று அவள் அப்பா என்னைக் கூப்பிட்டு, ஞாயிறு காலை பத்து மணிக்குப் பேசுவதாகச் சொன்னார். குரலில் இருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவள் உன் வீட்டுக்கு வருவதானால் ஒன்று சொல்லிவைக்கிறேன். முதல் மாதம் உன் சமையலைப் புகழ்வாள். இரண்டாவது மாதம் உன் மிசோ வாசமே ஆகாது என்பாள். எதற்கோ ஏங்குவாள், எதற்கென்று சொல்லத் தெரியாமல் சிடுசிடுப்பாள். நீயும் அப்படித்தான் இருந்தாய். அப்போது "இங்க அது கெடைக்காது" என்று நான் உன்னிடம் சொன்ன பதிலைச் சொல்லாதே. என்ன வேண்டும் என்று உட்கார்ந்து கேள். அவள் சொல்ல வெட்கப்படுகிற பண்டமாக இருந்தால் இன்னும் ஒரு தடவை கேள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேசும்போது பெரியம்மாவும் பக்கத்தில் இருப்பார், போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். அன்று காலையில் என்ன சமைத்தாயோ அதைச் சொல். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, அம்மா ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டார்கள் என்று ஆரம்பிக்காதே. தெரிந்துதான் சொன்னேன் என்று நானே அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இந்தச் சம்பந்தம் அமைந்தால் எனக்குச் சந்தோஷம். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது, மறைக்கவில்லை. அமையாமல் போனால் சில நாள் சோறு இறங்காது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் சரி என்றாலும் வேண்டாம் என்றாலும், நாம் யார் என்று தெரிந்து சொன்னதாக இருக்கட்டும்.

அன்று நான் உங்கள் பேச்சில் சேர்ந்துகொள்ளமாட்டேன். நீ தனியாகப் பேசு. என்னைவிட நீ நன்றாகப் பேசுவாய்.

அம்மா